ஒரு லிட்டர் ஆசிட், ஒரு தொட்டி நிக்கல், ஒரு பிள்ளையார்: சிறு பட்டறையும் சுற்றுச்சூழல் சட்டமும்

சௌகார்பேட்டையில் ஒரே மாடியில், எதிரெதிர் அறைகளில் இரண்டு நகைப் பட்டறைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மூன்றே பேர். அதே ஊதுகுழல், அதே குறடு, பழைய தங்கத்தைப் பிரித்துச் சுத்தம் செய்யும் அதே வேலை. ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டர் நைட்ரிக் ஆசிட் போதும். எதிர் அறைக்காரர் அக்கம்பக்கத்துப் பட்டறைகளின் தங்கத்தையும் வாங்கிச் சுத்தம் செய்து கொடுப்பதால் ஐந்து லிட்டர் கேனாக இறக்குகிறார். படியேறி வருகிற வாடிக்கையாளருக்கு இருவரும் ஒரே தொழில்தான். சட்டத்துக்கு அப்படி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் வெளியிட்ட தொழில் பட்டியலில், ஆசிட்டில் சுத்தம் செய்து மெருகேற்றும் தங்க, வெள்ளி வேலை பச்சை வகையில் வருகிறது. ஆனால் மாதத்துக்கு ஒரு லிட்டர் சல்ஃப்யூரிக் அல்லது நைட்ரிக் ஆசிட்டைத் தாண்டாத வரைக்கும்தான் அந்தப் பச்சை.

“சின்னப் பட்டறைதானே, நம்மை யார் கேட்கப் போகிறார்கள்” என்ற எண்ணம் இங்கேதான் இடறுகிறது. பட்டறை எவ்வளவு பெரியது என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. உள்ளே என்ன செய்கிறீர்கள், வெளியே என்ன போகிறது என்றுதான் கேட்கிறது. அளவைப் பற்றிய கேள்வி சில இடங்களில் மட்டும் வருகிறது. எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

இசைவாணை

அடிப்படைச் சட்டங்கள் மூன்று. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974, காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981, போபால் விபத்துக்குப் பிறகு வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986. முதல் இரண்டின்படி, கழிவு நீரோ புகையோ வெளியே விடும் தொழில் எதுவானாலும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அரசுத் தமிழில் இசைவாணை என்று பெயர். பட்டறைகளில் சொல்வது கன்சென்ட். இது இரண்டு கட்டமாக வரும். தொழிலை நிறுவுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. நிறுவும் இசைவாணை கையில் வருமுன்பே தொட்டி வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து, கரண்ட் இழுத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பது இங்கே சகஜம். இடம் சரியில்லை என்று திருப்பி அனுப்பினால் அத்தனை பணமும் அதோடு போச்சு.

எந்தத் தொழில் எவ்வளவு அழுக்கு என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. 2016 முறைப்படி 60ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20ம் அதற்குக் கீழும் வெள்ளை. 2025இல் இந்தக் கோடுகளை 80, 55, 25 என்று நகர்த்தினார்கள். கழிவைக் கையாளும் அத்தியாவசியப் பணிகளுக்கு நீலம் என்று புதிதாக ஒன்றையும் சேர்த்தார்கள். வெள்ளை வகைக்கு இசைவாணை தேவையில்லை, வாரியத்துக்குத் தகவல் சொன்னால் போதும். எலக்ட்ரோபிளேட்டிங் (மின்சாரத்தால் முலாம் பூசுவது), சாயம், தோல் பதனிடுதல் ஆகியவை சிவப்பு. வாளியில் செய்தாலும் சிவப்பு, நீச்சல் குளம் அளவுத் தொட்டியில் செய்தாலும் சிவப்பு. நகை வேலைக்குக் கிடைத்த அந்த ஒரு லிட்டர் சலுகை மாதிரி முலாம் பூசுகிறவருக்குக் கிடையாது.

இசைவாணை இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்? அபராதத்தைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவு அதைவிடக் கூர்மையானது. பட்டறையை மூடவும், மின் இணைப்பையும் தண்ணீரையும் துண்டிக்கவும் வாரியம் நேரடியாக உத்தரவிடலாம். கரண்டை முலாமுக்கு ஏற்ற நேர்மின்னோட்டமாக மாற்றும் ரெக்டிஃபையர் நின்றால் முலாம் பட்டறை நின்றது. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. டாக்காவின் ஹசாரிபாக் தோல் பட்டறைகளை 2017இல் சாவார் என்ற புதிய இடத்துக்கு நகர்த்தியதும் இதே வழியில்தான்: நீதிமன்றம் சொல்ல, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் எல்லாவற்றையும் வெட்டினார்கள். சாவாரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அப்போது முழுதாகத் தயாராகியிருக்கவில்லை. அழுக்கு ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்கு மாறியது. தினக்கூலிக்கு வந்தவர்களில் பலரால் பின்னாலேயே மாற முடியவில்லை.

சிறியவருக்கு ஏன் அதிகமாக வலிக்கிறது

ஒரு சூத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் இது விளங்கும். விதியை மீறியவரிடம் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலிக்க 2019இல் மத்திய வாரியம் ஒரு கணக்கு வகுத்தது. ஐந்து எண்களை ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். தொழிலின் வகைக்கு ஓர் எண் (சிவப்பு 80, ஆரஞ்சு 50, பச்சை 30), மீறல் நடந்த நாட்கள், தொழிலின் அளவு (குறு, சிறு 0.5, நடுத்தரம் 1, பெரியது 1.5), ரூபாய்க் காரணி (100 முதல் 500 வரை, பரிந்துரைத்தது 250), ஊரின் மக்கள்தொகை (50 லட்சம் முதல் 1 கோடி வரை என்றால் 1.5).

சென்னையில் ஒரு சிறு முலாம் பட்டறைக்குப் போட்டுப் பார்ப்போம். 80 × 0.5 × 250 × 1.5 = நாளொன்றுக்கு 15,000 ரூபாய். அதே சிவப்பு வகையில் ஒரு பெரிய ஆலைக்கு 0.5க்குப் பதில் 1.5. நாளொன்றுக்கு 45,000. ஆலையின் வியாபாரம் பட்டறையைப் போல ஆயிரம் மடங்கு இருக்கலாம். இழப்பீடு மூன்றே மடங்கு. போதாததற்கு, எந்தக் கணக்கில் எவ்வளவு குறைந்தாலும் நாளுக்கு 5,000 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு தரைமட்டமும் உண்டு. இந்தச் சூத்திரத்தை எழுதியவர்களுக்குச் சிறு தொழில் மேல் கோபம் எதுவும் இல்லை. 0.5 என்று போட்டதே சலுகையாகத்தான். ஆனால் அளவு வித்தியாசத்தை மூன்றே படிகளில் அடக்கியதும், அந்தச் சலுகை பெயருக்கு மட்டும் சலுகையாகிவிட்டது.

தண்டனைக்கு மட்டுமல்ல, விதிக்குக் கட்டுப்படுவதற்கும் இதே கதைதான். கழிவு நீரைப் பரிசோதிக்க லேப் வாங்கும் கட்டணம், 200 லிட்டர் வந்தாலும் 20,000 லிட்டர் வந்தாலும் ஒரு சாம்பிளுக்கு ஒன்றுதான். தண்ணீரின் அமிலத் தன்மையையும் காரத் தன்மையையும் அளக்கும் பி.எச் மீட்டர் விலை ஒன்றுதான். பேப்பர் வேலைக்கு ஆலையில் ஒரு ஆள் இருப்பார். பட்டறையில் அந்த ஆளும் முதலாளியும் பாலிஷ் போடுகிறவரும் ஒருவரே. விண்ணப்பக் கட்டணம் மட்டும் நிலம், கட்டடம், இயந்திரத்தின் மொத்த மதிப்பை வைத்துக் கணக்காவதால் சிறியவருக்கு ஓரளவு இறங்கி வருகிறது. மற்றதெல்லாம் இறங்குவதில்லை.

நிக்கல் தொட்டியின் கணக்கு

பித்தளைக் கைப்பிடி, தாழ்ப்பாள், குழாய்த் தலை, பூசைச் சாமான் இவற்றுக்கு நிக்கல் முலாம் பூசும் ஒரு அறைப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். சட்டம் கேட்பதும் கைவேலை தெரிந்தவர் செய்யக்கூடியதும் எந்த இடத்தில் ஒத்துப்போகின்றன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வழக்கமான நிக்கல் கரைசலில் லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்ஃபேட், 30 முதல் 60 கிராம் நிக்கல் குளோரைடு, 30 முதல் 45 கிராம் போரிக் ஆசிட். சூடு 45 முதல் 60 டிகிரி. நிக்கலை மட்டும் பார்த்தால் லிட்டருக்குச் சுமார் 65 கிராம். சட்டம் வெளியே விட அனுமதிக்கும் நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராம். தொட்டியை யாரும் சாக்கடையில் கவிழ்ப்பதில்லை, அது காசு. கழிவு வருவது சாமானில் ஒட்டிக்கொண்டு வரும் கரைசலிலிருந்து. ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள சாமான், வடிவத்தையும் வடியவிடும் நேரத்தையும் பொறுத்து, 100 முதல் 200 மில்லி கரைசலைத் தூக்கிக்கொண்டு அலசும் தொட்டிக்குப் போகிறது. ஆக, ஐந்திலிருந்து பத்து சதுர மீட்டர் வேலை முடியும்போது ஒரு லிட்டர் நிக்கல் கரைசல் அலசும் தண்ணீரில் கலந்திருக்கும். அந்த ஒரு லிட்டரில் 65,000 மில்லிகிராம் நிக்கல். அதை வெறும் தண்ணீர் ஊற்றியே 3 மில்லிகிராமுக்குக் கொண்டுவர வேண்டுமானால் 21,000 லிட்டருக்கு மேல் வேண்டும்: 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு. அப்படி நீர்த்து விடுவதும் சட்டப்படி செல்லாது. அது ஒருபுறம் இருக்க, வடசென்னையில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது?

ஆகவே முதல் வேலை சுத்திகரிப்பு அல்ல, ஒட்டிக்கொண்டு வருவதைக் குறைப்பது. இதற்குக் காசு கிட்டத்தட்டத் தேவையில்லை. சாமான்களை மாட்டும் சட்டத்தை (ராக்) தொட்டிக்கு மேலேயே 10, 15 விநாடி தொங்கவிட வேண்டும். கையில் பிடித்து நிற்கச் சொன்னால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். மேலே ஒரு கம்பி கட்டி மாட்டும்படி செய்தால் தானாக வடியும். கிண்ணம் மாதிரிக் குழிவான சாமானை வாய் கீழே பார்க்கும்படி சாய்த்து மாட்டினால் அதுவே பெரிய மிச்சம்.

அடுத்தது, நிக்கல் தொட்டிக்குப் பக்கத்தில் ஓடாத தண்ணீர்த் தொட்டி ஒன்று. சாமானை முதலில் இதில் முக்கி எடுக்க வேண்டும். நிக்கல் கரைசல் சூடாக இருப்பதால் தினமும் ஆவியாகிக் குறையும். அந்தக் குறையைப் புதுத் தண்ணீரால் நிரப்பாமல் இந்தத் தொட்டித் தண்ணீரால் நிரப்பினால், போன நிக்கல் திரும்பி வருகிறது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. அழுக்கும் சேர்ந்தே திரும்பி வரும். பித்தளையிலிருந்து கரைந்த செம்பும் துத்தநாகமும் சேரச் சேர, சாமானின் குழிவான மூலைகளில் முலாம் கறுக்கும். அப்போது நெளிந்த தகட்டை மாட்டி, குறைந்த கரண்டில் சில மணி நேரம் ஓட்டி அழுக்கைத் தகட்டில் இழுத்துவிட வேண்டும். கடினத் தண்ணீர் ஊற்றினால் இன்னொரு தொல்லை: சுண்ணாம்புச் சத்து சல்ஃபேட்டோடு சேர்ந்து துகளாகி, முலாம் மணல் தாள் மாதிரிச் சொரசொரக்கும். கடல் உப்பு நிலத்தடியில் ஏறிய மீஞ்சூர்ப் பக்கமோ, உப்புத் தண்ணீர் வருகிற மற்ற இடமோ என்றால் போர்வெல் தண்ணீரை இதற்கு நம்பவே கூடாது. ஆர்.ஓ. தண்ணீர்தான்.

மூன்றாவது, அலசும் தொட்டியை ஒன்றிலிருந்து இரண்டோ மூன்றோ ஆக்குவது. சாமான் முதல் தொட்டியிலிருந்து கடைசித் தொட்டிக்குப் போகும். தண்ணீர் கடைசியில் நுழைந்து முதல் தொட்டிக்கு வழியும். ஒட்டி வந்த கரைசலை ஆயிரத்தில் ஒரு பங்காக்க, ஒற்றைத் தொட்டியில் லிட்டருக்கு 1,000 லிட்டர் தண்ணீர் ஓட வேண்டும். எதிரோட்டமாக இரண்டு தொட்டி வைத்தால் சுமார் 32 லிட்டர். மூன்று வைத்தால் 10. சுத்தம் ஒன்றே, தண்ணீர் நூறில் ஒரு பங்கு. சுத்திகரிக்க வேண்டிய கழிவும் அதே கணக்கில் குறைகிறது. நம் பார்வையில், ஒரு லட்சம் ரூபாய் இயந்திரத்தைவிட இந்தக் கூடுதல் பிளாஸ்டிக் தொட்டிகள் முதலில் வர வேண்டும். ஒன்று மட்டும்: தண்ணீர் அடியில் நுழைந்து எதிர் மூலையில் மேலே வழிய வேண்டும். நுழையும் குழாயும் வழியும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் குறுக்கே ஓடிவிடும், தொட்டி அழுக்காகவே இருக்கும். குழாயைக் காலையில் திறந்தால் சாயங்காலம்தான் மூடுவது என்ற பழக்கம் இருக்கிற பட்டறையில் மூன்று தொட்டி அல்ல, முப்பது தொட்டி வைத்தும் பயனில்லை.

கடைசியாக மிஞ்சுவதை 200 லிட்டர் டிரம்மில் பிடித்து, சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ போட்டு பி.எச்-ஐ 10க்குப் பக்கம் ஏற்ற வேண்டும். இளம்பச்சையாகத் திரிந்து நிக்கல் கீழே இறங்கும். மேல் தண்ணீரை மணல் வடிகட்டியில் விட்டு, நீர்த்த ஆசிட் சேர்த்து பி.எச்-ஐ 9க்குக் கீழே கொண்டுவந்த பிறகே வெளியே. அனுமதிக்கப்பட்ட எல்லை 6 முதல் 9 வரை. பி.எச் தாளில் 8 காட்டியதும் போதும் என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கும், நிக்கல் உள்ளேயே இருக்கும்.

நிக்கலோடு குரோம் முலாமும் பூசினால் இரண்டு கழிவையும் ஒரே டிரம்மில் ஊற்றக் கூடாது. மஞ்சள் நிறக் குரோமியம், அதாவது ஆறு இணைதிறன் குரோமியம், சுண்ணாம்புக்கு இறங்காது. முதலில் ஆசிட் விட்டு பி.எச்-ஐ 2.5 பக்கம் கொண்டுவந்து, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு மஞ்சள் பச்சையாகும் வரை கலக்க வேண்டும். பிறகுதான் சுண்ணாம்பு. அதுவும் 8, 8.5க்கு, அதற்கு மேலே ஏற்றினால் இறங்கிய குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். நிக்கலுக்கு 10 வேண்டும், குரோமியத்துக்கு 8.5 வேண்டும், ஒரே டிரம்மில் இரண்டுக்கும் எப்படி நியாயம் செய்வது? சயனைடு கரைசலில் செம்பு முலாம் பூசும் தொட்டி இருந்தால் அந்தத் தண்ணீருக்கு வாய்க்காலே தனி. அது ஆசிட்டோடு சேர்ந்தால் கிளம்புவது ஹைட்ரஜன் சயனைடு. மூடிய அறையில் ஆளைக் கொல்லும் வாயு.

டிரம்மின் அடியில் தங்கும் சேறு அபாயக் கழிவு. 2016 விதிப்படி 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அன்றன்றைய கணக்குக்குப் படிவம் 3, ஜூன் 30க்குள் ஆண்டு அறிக்கைக்குப் படிவம் 4, மூட்டையில் ஒட்டும் லேபிளுக்குப் படிவம் 8, லாரியோடு போகும் சீட்டுக்குப் படிவம் 10. நம் பக்கத்துக் கழிவு கும்மிடிப்பூண்டி நிலையத்துக்குப் போகிறது. மூன்று மாதத்தில் ஒரு மூட்டை சேறு சேர்க்கிற பட்டறைக்காக லாரி தனியாக வராது. நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து ஒரே நாளில் அனுப்பினால் வாடகை பகிர்ந்துபோகும். ஆனால் ஒருவர் சேற்றை இன்னொருவர் கணக்கில் எழுதக் கூடாது, ஒவ்வொருவருக்கும் தனிச் சீட்டு.

இத்தனையும் சரியாகச் செய்த பட்டறையும் மாட்டிக்கொள்ளும் ஒரு இடம் இருக்கிறது. நிக்கலை இறக்கச் சேர்த்த காஸ்டிக்கும், பிறகு சேர்த்த ஆசிட்டும் உப்பாகிக் கரைந்தே நிற்கின்றன. கரைந்த உப்பின் எல்லை லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். உள்ளே வந்த தண்ணீரே உப்பென்றால், உலோகத்தைச் சுத்தம் செய்யச் செய்ய உப்பு எல்லையைத் தாண்டும். திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை 2011இல் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதன் பின்னணியிலும் இந்த உப்புதான் இருந்தது. ஆர்.ஓ. வைத்து, அது தள்ளும் உப்பு நீரைக் காய்ச்சி உப்பாக எடுக்கும் முழு மறுசுழற்சிக்கு அங்கே போனார்கள். தனிப் பட்டறையால் அது ஆகாது, பொது நிலையத்தால்தான் ஆகும். பொது நிலையம் வேண்டுமானால் பட்டறைகள் ஒரே இடத்தில் கூடியிருக்க வேண்டும். கொருக்குப்பேட்டைச் சந்தில் ஒன்று, வியாசர்பாடியில் ஒன்று என்று சிதறிக் கிடப்பவர்களுக்குக் குழாய் போட வழியில்லை. டேங்கரில் அனுப்புவது மட்டும்தான். அங்கேயும் ஒருவர் தெரியாமல் சயனைடு கலந்த தண்ணீரை ஏற்றிவிட்டால் எல்லோருக்கும் கதவு மூடும்.

முகவரியும் பக்கத்து வீடும்

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வைக்கும் பெரிய காரணம் வேதியியல் அல்ல, முகவரி. பட்டறை நிற்கும் சர்வே எண் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு என்று இருந்தால் சிவப்பு வகைக்கு அங்கே இடமில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே நில வகைச் சான்றைக் கேட்டு வாங்குவது நல்லது. விண்ணப்பம் ஆன்லைனில்தான். இட வரைபடம், செய்முறையின் படிகள், மூலப்பொருள் பட்டியல், சொத்து மதிப்புக்கு ஆடிட்டர் சான்று, தண்ணீர்க் கணக்கு எல்லாம் கேட்பார்கள். தண்ணீர்க் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். நாளுக்கு 1,000 லிட்டர் உள்ளே, 100 லிட்டர் வெளியே என்று எழுதினால் மிச்சம் 900 எங்கே என்ற கேள்வி வரும். ஆவியானது, கழிப்பறைக்குப் போனது, திரும்பப் பயன்படுத்தியது எல்லாம் தனித்தனியாகக் கூட்டினால் சமமாக வர வேண்டும். நான்கு மாதத்தில் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம் என்று நீர்ச் சட்டம் சொல்கிறது. முழுமையான விண்ணப்பம் எந்தத் தேதியில் போனது என்பதற்கான ஒப்புகையைப் பத்திரமாக வைத்திருந்தால்தான் அதைச் சொல்லிக்கொள்ள முடியும்.

நகைப் பட்டறையின் மஞ்சள்பழுப்புப் புகைக்கும் இங்கே ஒரு வார்த்தை. நைட்ரிக் ஆசிட்டில் வெள்ளியும் செம்பும் கரையும்போது வருவது அது. எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துச் சன்னல் வழியே தள்ளினால் எதிர் வீட்டுக் கொடியில் காயும் துணிக்குப் போகும், அங்கிருந்து புகார் மனுவாகத் திரும்பி வரும். கூண்டு வைத்து உறிஞ்சி, காஸ்டிக் கரைசல் தெளிக்கும் கோபுரம் வழியே விட வேண்டும். வெறும் தண்ணீர் போதாது. மிஞ்சும் பச்சைநீல ஆசிட்டில் உப்பைப் போட்டு வெள்ளியை இறக்கிய பிறகும் செம்பு நிற்கும். துருப்பிடிக்காத, எண்ணெய் இல்லாத இரும்புத் துண்டுகளைப் போட்டு வைத்தால் செம்பு அவற்றின் மேல் படியும். அதன் பிறகு சுண்ணாம்பு. வெளியே விட அனுமதித்த செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம்.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதன் புகைக்குழாய் கட்டட உயரத்துக்கு மேல் 0.2 × (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் கே.வி.ஏ.வின் வர்க்கமூலம்) மீட்டர் எழும்ப வேண்டும். 25 கே.வி.ஏ. என்றால் ஒரு மீட்டர். சின்ன விஷயம்தான், ஆய்வுக்கு வருகிறவர் கண்ணில் முதலில் படுவதும் இதுதான்.

கொசப்பேட்டையும் நாட்காட்டியும்

குயவர்பேட்டை என்ற பெயர் திரிந்துதான் கொசப்பேட்டை ஆனது. சதுர்த்திக்கு ஊர் முழுதும் பிள்ளையார் போகும் இடம். இங்கே சட்டம் தொழிலைத் தொட்ட விதம் வேறு மாதிரி. செய்முறையிலிருந்து வரும் கழிவு பிரச்சினையே இல்லை. வாங்கியவர் கடைசியில் அதை எங்கே போடுகிறார் என்பதுதான் பிரச்சினை. காசிமேட்டிலும் திருவொற்றியூர் பாப்புலர் எடைமேடைக்குப் பின்னாலும் கரைப்பவர் பக்தர். விதியோ செய்கிறவர் தலையில்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தண்ணீர் பட்டால் அரை மணிக்குள் இறுகும். ஒரே அச்சில் ஒரு நாளில் எத்தனையோ உருவம் எடுக்கலாம், உள்ளே கூடாக இருப்பதால் எடை குறைவு, வண்டியில் உடையாது. இறுகியதும் அது ஜிப்சம். ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு, இரண்டரை கிராம்தான் கரையும். பத்துக் கிலோ பிள்ளையார் முழுதும் கரைய 4,000 லிட்டருக்கு மேல் நல்ல தண்ணீர் வேண்டும். தேங்கிய குளத்தில் மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும், கரைந்த அளவுக்குத் தண்ணீர் கடினமாகும். பளபளக்கும் மஞ்சள் எனாமலில் ஈயமும் குரோமியமும் இருக்கக்கூடும் என்பது இன்னொரு காரணம். களிமண்ணுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் அதற்கு நேரம் வேண்டும். நிழலில் நாள் கணக்கில் உலர வேண்டும். வெயிலில் வைத்தால் தும்பிக்கையும் கழுத்தும் முதலில் வெடிக்கும், ஏனென்றால் தடிமன் மாறுகிற இடம் அதுதான். ஆவணியில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் உலர்த்தல் இன்னும் தள்ளிப்போகும்.

மத்திய வாரியம் 2010இல் வழிகாட்டுதல் கொடுத்தது. 2020 மே மாதத் திருத்தத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், தெர்மாகோல், ஒருமுறைப் பிளாஸ்டிக் மூன்றையும் விலக்கியது. கொரோனாவால் அமலாக்கம் 2021க்குத் தள்ளிப்போனது. வீட்டுக்கு வாங்கும் சாண் உயரக் களிமண் பிள்ளையாருக்கு இதனால் நஷ்டம் எதுவுமில்லை, லாபம் என்றுகூடச் சொல்லலாம். பந்தலுக்குப் போகும் பெரிய உருவங்கள் காகிதக் கூழுக்கும் மரவள்ளிக் கிழங்கு மாவுக்கும் மாறிக்கொண்டன. அடி விழுந்தது இரண்டிலிருந்து ஐந்தடி உயரம் செய்கிறவர்களுக்கு. களிமண்ணில் அந்த அளவு தூக்க முடியாத எடை. கூழில் செய்தால் அச்சு முழுதும் புதிதாக வேண்டும்.

அதைவிடப் பெரிய அடி தேதியில் இருக்கிறது. 2023ஐப் பாருங்கள். தமிழ்நாட்டில் சதுர்த்தி செப்டம்பர் 18. 16ஆம் தேதி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி, பிளாஸ்டர் பிள்ளையாரை விற்கலாம், கரைக்கக் கூடாது என்றார். 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. செய்து அடுக்கிய சரக்குக்கு மூன்று நாளில் மூன்று பதில். அச்சு எடுப்பது மாசி, பங்குனியில். கடன் வாங்குவது சித்திரையில். பம்பாய் உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், செய்யலாம், விற்கலாம், இயற்கை நீர்நிலையில் மட்டும் கரைக்கக் கூடாது என்றதைக் கேட்டு இங்கே பழைய அச்சைத் தூசு தட்டுவது அபாயம். இங்கே ஒவ்வொரு ஆண்டும் தமிழ்நாடு வாரியம் வெளியிடும் அறிவிப்புதான் கணக்கு.

களிமண்ணுக்குத் திரும்பியவருக்கு மண் எங்கிருந்து? இதில் சட்டம் குயவரை நினைத்திருக்கிறது என்பது ஆச்சரியம். வழக்கப்படி கையால் மண் எடுத்துப் பானை, விளக்கு, பொம்மை செய்கிறவருக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டாம் என்று 2016இல் விதியிலேயே சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் 2024 முதல் ஏரி மண்ணுக்குத் தாசில்தாரே அனுமதி தரலாம். மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர், கட்டணம் இல்லை. லாரிக் கணக்கில் இருபத்தொரு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). ஆனால் இது ஏரிக்கரைக் கிராமத்தில் வாழும் குயவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கொசப்பேட்டைக்காரருக்கு மண் இலவசம் என்றாலும் வண்டிக் கூலி இலவசம் இல்லை, ஏரி வற்றிய கோடையில்தான் மண் எடுக்க முடியும், எடுத்த மண்ணைச் சதுர்த்தி வரை நனையாமல் போட்டுவைக்க அந்தச் சந்தில் வீட்டு வாசலைத் தவிர வேறு இடமும் இல்லை.